உப்பளக் கரையில் குருவி பார்த்தவள்

1

போன கிழமை எங்கள் அகதி முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள். வரிசையில் என் முறை வந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி அட்டையில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குருவி பாக்கிற அம்மா நீங்கதானா?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் “ஓம் சேர்” என்று சொல்லிச் சிரித்தேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. முன்பு இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனாலும் வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மகளைப் பெற்று வளர்க்கும் காலம் முழுக்க இந்த நாட்டில் இருந்துவிட்டேன். என்னைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

நம் ஊர்க் கோயிலின் பங்கு மலருக்கு இந்திய வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி, மலரைத் தொகுக்கும் நீங்கள் கேட்டு நெடுநாளாகிறது. கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் தாண்டி வந்ததோ ஒரு இரவு படகு ஓடும் தூரம். இறங்கிய கரையில் பேசியதும் தமிழ். இதை வெளிநாடு என்று எழுதக் கை கூசியது. அதனால் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது எழுத நினைக்கும்போது, சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. மலர் அச்சாகிறதோ இல்லையோ தெரியாது. எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. கலியாணமான புதிதில் என் கணவர் சூசையோடு மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். மகள் அனித்தா இங்கேதான் பிறந்தாள். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையில் கடற்கரை ரோடு போகிறது. ரோட்டுக்குக் கிழக்கே கடல். மேற்கே உப்பங்கழியும், அதையொட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகளும். எங்கள் முகாமிலிருந்து சற்று நடந்தால் முதல் பாத்தி வந்துவிடும். பல வருடமாக அந்தப் பாத்திகளில் நான் உப்பு வாருகிறேன்.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய நாட்களில் சூசை ஊருக்குத் திரும்பிப் போனார். கணவனை இழந்த அவருடைய அக்கா அங்கே தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. “முதல் நான் போய்க் கூரையைப் போடுறன். பிறகு உங்களைக் கூப்பிடுறன். அடுத்த நத்தாருக்கு எல்லாரும் ஊரில” என்று சொல்லிவிட்டுப் போனார்.

2

அந்த நத்தாருக்கு, இங்கே சொல்வதென்றால் கிறிஸ்துமசுக்கு, மறுநாள்தான் சுனாமி அலை வந்தது.

முகாமுக்குள் தண்ணீர் வரவில்லை. ரோடு வரைக்கும் வந்து திரும்பியது. கடலை ஒட்டி இருந்த குப்பங்களில் போன உயிர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். உப்பங்கழி வழியாக ஏறிய தண்ணீர் பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டது. வரப்புகள் கரைந்துபோயின. வேலை இல்லை. எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

வேலை இல்லாத முதல் நாட்களில் வீட்டுக்குள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. அனித்தா பள்ளிக்கூடம் போய்விடுவாள். பக்கத்துக் குடிசைகளில் எல்லோருக்கும் ஆள் இருந்தார்கள், சண்டை பிடிக்கவாவது. எனக்குச் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. பழக்கப்பட்ட கால்கள் காலையில் தாமாகவே உப்பளத்துக்கு நடந்தன. உடைந்த வரப்பில் ஏறி நின்றேன்.

சேற்றுத் தண்ணீர் முழுவதும் பறவைகள்.

இத்தனை வருடமும் அவை அங்கேதான் இருந்திருக்கும். குனிந்து உப்பு வாருகிறவளுக்கு வெள்ளையாய் எதுவோ பறப்பது மட்டும்தான் தெரியும். அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். சிவந்த நீளக் கால்களோடு நடப்பது பவளக்கால் உள்ளான். வாயைத் தண்ணீருக்குள் தலைகீழாக விட்டு அரித்துக்கொண்டே போவது பூநாரை. நம் ஊர்ப் பாலத்தடியில் கூட்டமாக நிற்குமே, அதுதான். அவற்றைக் கண்டதும் தெரிந்தவர்களைப் பஸ்ஸில் கண்டதுபோல இருந்தது. கிட்டப் போனேன். எல்லாம் எழுந்து தூரப்போய் இறங்கின.

என்னோடு உப்பு வாருகிற தனம் என்கிற உள்ளூர்க்காரி ஒருநாள் வேலை விசாரிக்க வந்தவள் என்னைக் கண்டுவிட்டாள்.

“இன்னாக்கா, இங்க வந்து நின்னுட்டு இருக்கற? சிலோன்ல குருவியே கெடையாதா?”

“இருக்கு. இவ்வளவு ஆறுதலா அங்க பாத்ததில்லை.”

“ஆறுதலான்னா?”

“மெதுவா. அவசரமில்லாம.”

“எங்க ஊர்ல ஆறுதல்னா சாவு வூட்ல சொல்றது” என்றாள் தனம். பிறகு அவளும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். “கொழம்பு வெச்சா உள்ளான் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் போனேன். மாசி பிறந்ததும் பூநாரைகள் குறையத் தொடங்கின. பங்குனியில் பொடி உள்ளான்கள் இரவு பகல் பாராமல் தின்றன. சித்திரைக்குள் அவற்றில் சிலவற்றின் சாம்பல் நிறம் செங்கல் நிறமாக மாறிக்கொண்டு வந்தது. முதலில் வேறு இனம் என்று நினைத்தேன். தினமும் பார்த்ததால்தான் அதே பறவை நிறம் மாறுவது தெரிந்தது. ஒருநாள் காலை போனபோது பாத்தி வெறுமையாகக் கிடந்தது. எல்லாம் போய்விட்டன. எவரும் எனக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

3

அவை போவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்தது.

ஒருநாள் ரோட்டோரம் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கி வந்தவர் போலீஸ்காரர்.

“ஏம்மா, தெனமும் இங்க வந்து நிக்கிறியாமே? போட் ஏதாவது வருதா? யாருக்கு வெயிட் பண்ற?”

“குருவி பாக்கிறன், சேர்.”

“குருவியா?”

“ஓம். கடல் அந்தப் பக்கம்” என்று எனக்குப் பின்னால் கையைக் காட்டினேன். நான் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தேன். அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கவேண்டும், அடக்கிக்கொண்டார். ஆனாலும் யாரோ சொல்லிவிட்டார்கள். விசாரிக்காமல் விட முடியாது. மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

அனித்தா என்னோடு வந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான். “அம்மா, நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன். நீ ‘ஓம்’னு சொன்னாலே அவங்க ஒரு மாதிரி பாப்பாங்க.”

என் பிள்ளை என்னை நீ என்றுதான் சொல்வாள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு முள் குத்தும்.

ஸ்டேஷனில் இருந்தவர் நாற்காலி தந்தார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். அனித்தா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: “அவர் ஊரில நிக்கிறார்.”

“நிக்கிறாரா? எங்க நிக்கிறாரு? யாருக்காக நிக்கிறாரு?”

நம் ஊரில் ஒருவர் ஓரிடத்தில் தங்கியிருந்தால் நிற்கிறார் என்போம். இங்கே நிற்பது என்றால் காலில் நிற்பது. அதைப் புரியவைக்க அனித்தாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. “சார், இருக்காருன்னு அர்த்தம். எங்கப்பா சிலோன்ல இருக்காரு. எங்கம்மா பேசறது அப்படித்தான். இவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது சார், சும்மா குருவி பாக்கறாங்க, அவ்ளோதான்.”

அவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “போம்மா. பாக்கறதுன்னா பாரு. பீச்சுப் பக்கம் மட்டும் போவாத” என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அனித்தா அழத் தொடங்கினாள். “எல்லாரும் என்னை சிலோன் பொண்ணுன்னு சொல்லாம இருக்கணும்னு நான் எவ்வளவு கஷ்டப்படறேன் தெரியுமா? நீ போய் வரப்புல நின்னு ஊரையே கூப்பிடற.”

முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சூசையின் போன் வந்தபோது இதை அவரிடம் சொல்லவில்லை.

4

சூசை ஞாயிற்றுக்கிழமைகளில் கூனிமேட்டு காசிம் பாயின் டெலிபோன் கடைக்குப் போன் எடுப்பார். பூசை முடிந்து நானும் அனித்தாவும் அங்கே போய்க் காத்திருப்போம். பாய் உள்ளிருந்து ஸ்டூல் எடுத்துப் போடுவார். மணி அடித்தால் முகம் மலர்ந்து “அக்கா, உங்க வூட்டுக்காரர் லைன்ல” என்பார்.

என்ன பேசுவது? “சுகமா இருக்கிறியளோ?” “சுகம். நீங்கள்?” “சுகம்.” கூரைக்கு ஓடு வந்தது, கிணறு இறைத்தார்கள், அக்காவுக்குக் காலில் வருத்தம், நடக்கக் கஷ்டம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வீடு வெளிச்சமாகிக்கொண்டு வரும், அவருடைய முகம்தான் மங்கிக்கொண்டு போகும். என் பக்கத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் பறவைகளைச் சொன்னேன்.

“குருவிக் கதை சொல்லவே காத்துக்கொண்டிருந்தனீ?” என்று ஒருநாள் சிரித்தார். கேலிதான். ஆனாலும் அதற்குப் பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

கோடை வெயில் ஏறிய பிறகுதான் உப்பளத்தில் வேலை தொடங்கியது. முதலில் வரப்புப் போட வேண்டும். ஜேசிபி வந்தது. நாங்கள் பெண்கள் பின்னால் போய் மண்ணைத் தட்டிச் சீராக்கினோம். ஒரு முனையில் கால் வைத்ததும் தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு பாய்ந்தது.

நான் வேலையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன். ஊரில் அந்தக் குருவி கத்தினால் விளக்கை அணைத்துவிடுவோம், உங்களுக்குத் தெரியும். யாரோ நடந்து வருகிறார்கள் என்று அர்த்தம். மனத்துக்கு இது வேறு நாடு என்று தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

தனம் முதலில் சிரித்தாள். பிறகு என் கைகளைப் பிடித்து எழுப்பினாள். “குருவிதான்க்கா. முட்டை வெச்சிருக்குது, அதான் கத்துது. பாரு.”

வரப்பின் மேல் சின்னக் குழி. சுற்றிலும் காய்ந்த சேற்றுக் கட்டிகள். நடுவில் மண்ணோடு மண்ணாய், புள்ளி புள்ளியாய் முட்டைகள். ஜேசிபி அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி கோவிந்தனிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “முட்டைக்காக வரப்ப உட்டுட்டேன்னு மொதலாளிகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?”

“முட்டைன்னு எதுக்கு சொல்றீங்க?” என்றாள் தனம். “பாம்புப் புத்து இருக்குதுன்னு சொல்லுங்க. நான் கண்ணால பாத்தேன்னு சொல்றேன். படம் எடுத்துச்சுண்ணே, இவ்ளோ பெருசு.”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். ஜேசிபிக்காரனைக் கைகாட்டி நிறுத்தினார்.

மறுநாள் முதலாளி வீட்டிலிருந்து மஞ்சளும் கற்பூரமும் வந்தன. முதலாளியின் மனைவியே காரில் வந்து, பாத்தியில் இறங்காமல் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார். தனம் பயபக்தியோடு மஞ்சளை வாங்கி முட்டைக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள். அந்த அம்மாவின் கார் போகும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம். வேதக்காரி நானும் அங்கே கைகூப்பி நின்றேன், மாதா மன்னிப்பாள்.

அதன் பிறகு அந்த முனைக்கு யாரும் போகவில்லை. நான் மட்டும் வேலைக்கு நடுவில் பார்த்துக்கொள்வேன். உச்சி வெயிலில் தாய்க்குருவியோ தகப்பனோ தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூடு தாங்காமல் முட்டை வெந்துவிடக் கூடாதல்லவா. ஒன்று எழுந்தால் மற்றது வந்து உட்காரும். எப்போதும் இரண்டும் அங்கேயே இருந்தன. அதைப் பார்க்கிறபோது சில நாள் ஆறுதலாக இருக்கும். சில நாள் பார்க்க முடியாமல் திரும்பிவிடுவேன்.

குஞ்சுகள் பொரித்த அன்றைக்கே வரப்பிலிருந்து இறங்கி ஓடின. “பொறந்தவொடனே நடக்குது பாரு. என் பையன் நாலு வயசு வரைக்கும் இடுப்பை விட்டு எறங்கல” என்றாள் தனம்.

5

அந்தக் கார்த்திகையில் பேய்மழை. பாத்தி, உப்பங்கழி, ரோடு எல்லாம் ஒரே தண்ணீர். முகாமில் கூரை ஒழுகியது. அந்த மழைக்குள்தான் சூசை போனில் சொன்னார்: “கூரை போட்டாச்சு. ஜன்னலுக்குக் கதவும் போட்டாச்சு. இனி நீங்கள் வரவேண்டியதுதான். அங்க எழுதிக் குடு.”

ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். படம் எடுத்தோம். கடன் இல்லை, வழக்கு இல்லை, இன்னாருக்கு நான் மனைவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். நான் இந்த நாட்டுக்கு வரும்போது யாரிடமும் ஒரு தாளும் காட்டவில்லை. போவதற்குத்தான் இத்தனை தாள்.

அனித்தா கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்: “எனக்கு அங்க யாரும்மா ஃப்ரெண்ட்? நர்சிங் படிக்கணும்னு சொல்லிட்டே இருக்கேன், அங்க எங்க போய் படிக்கிறது?”

“அப்பா இருக்கிறார்.”

“அப்பா போன்ல ‘பிள்ளை, எப்பிடி இருக்கிறாய்’ன்னு கேப்பாரு. அப்புறம் உன்கிட்ட குடுக்கச் சொல்லுவாரு. ஊருக்குப் போனதுலேருந்து அவ்ளோதான் எனக்கு அப்பா.”

மழை விட்டதும் வாத்துகள் வந்தன, ஊசிபோல வால் உள்ளவை. பிறகு பொடி உள்ளான்கள், சாம்பல் நிறத்திலேயே. தை மாதம் ஒருநாள் பூநாரைகளும் வந்து இறங்கின. எது எப்போது வரும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் எனக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்று அதுதான். வரப்பில் நின்றபடி, அடுத்த சித்திரையில் நான் இங்கே இருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை சொன்னேன். சந்தோஷமாகச் சொல்ல வரவில்லை.

ஊரிலும் பறவைகள் இருக்கின்றன. தெரியும். ஆனால் அங்கே நான் எப்போதும் ஏதாவது சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கேதான் ஒன்றை அது முடியும்வரை பார்த்திருக்கிறேன்.

6

அனுமதி வந்துவிட்டது என்று முகாம் அலுவலகத்தில் சொன்ன அதே கிழமை, ஒரு நடுப்பகலில் காசிம் பாய் தன் கடை ஆளை சைக்கிளில் அனுப்பினார். ஞாயிறு இல்லை. ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடித்தது. “ஜெசி, வெளிக்கிட்டு வரவேண்டாம்” என்றார் சூசை. “இஞ்ச சரியில்லை. திரும்பத் தொடங்கிட்டுது.”

“அப்ப நீங்கள் வாங்கோவன்.”

“அக்காவால நடக்க ஏலாது. அவவைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது? படகும் இப்ப பயம். பாப்பம். பிள்ளைக்குச் சொல்லு...”

என்ன சொல்லச் சொன்னார் என்று தெரியாது. லைன் அறுந்துவிட்டது. பாய் மறுபடி மறுபடி முயன்று பார்த்தார். கடைசியில் போனை வைத்துவிட்டு, “துவா செய்றோம்க்கா” என்றார். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு பல கிழமை ஒரு செய்தியும் இல்லை. ஞாயிறு தவறாமல் பாயின் கடையில் போய் இருந்தேன். மணி அடிக்கும், வேறு யாருக்காவது இருக்கும். புதிதாகக் கடல் தாண்டி வந்த குடும்பங்களை ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து எங்கள் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர். சூசை உயிரோடு இருக்கிறார், அக்காவைத் தூக்கிக்கொண்டு கோயில் வளவுக்குள் அடைக்கலம் போய்விட்டார், வீட்டுப் பக்கம் யாரும் போக முடியாது என்று அவர்தான் சொன்னார். புதுக் கூரை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

அனுமதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வானூர் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர்.

“இப்ப வேணாம்னுட்டா அப்புறம் திரும்பவும் மொதல்லேருந்து வரணும்மா. யோசிச்சுக்குங்க.”

“பரவால்லைங்க சார்” என்றேன். அனித்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பேசும் இந்த ஊர்த் தமிழ் என் வாயில் வந்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். சந்தை நாள். பக்கத்தில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். அனித்தா வெகுநேரம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அன்னிக்கு நீ வந்து, அப்பா நம்மள வர வேணாம்னு சொல்லிட்டாருன்னு சொன்ன இல்ல? அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“எப்பிடி?”

“நிம்மதியா இருந்துச்சும்மா.” குரல் உடைந்தது. “அப்பா அங்க மாட்டிக்கிட்டிருக்காரு. எனக்கு நிம்மதியா இருக்குது. நான் கெட்டவளாம்மா?”

“இல்லை பிள்ளை” என்று அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். “நீ இஞ்ச பிறந்தனீ. உனக்கு அப்பிடித்தான் இருக்கும்.”

அவள் அழுது முடித்தாள். நான் அழவில்லை. அந்தப் போன் வந்த அன்றைக்குக் காசிம் பாயின் கடையிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டும்போது என் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியிருந்தது. பயத்தில் அப்படி இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதை மகளிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த நேரம் பெரிய துணையாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இங்கே இருக்கிற நாங்கள் இரண்டு பேருமே அப்படி நினைத்தோம் என்று ஆகிவிட்டால், கோயில் வளவில் அக்காவோடு படுத்திருக்கும் அந்த மனிதர் வந்து சேர யார் காத்திருக்கிறார்கள்?

“அப்பாவுக்கு வழி கிடைச்சா வந்திடுவார்” என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பஸ் வந்தது. கூட்டத்தில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.